ஆப்பில் காட்டும் ஆர்எஸ்ஐ உங்க எக்செல்லில் ஏன் வரல? இண்டிகேட்டரோட ஃபார்முலாவை நாமே பிரிச்சுப் பார்ப்போம்



ஆர்எஸ்ஐ வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், ஃபார்முலாவை அப்படியே எக்செல்ல போட்டேன். எனக்கு 58 வருது, ஆப்ல 63 காட்டுது. எது சரி?"

ரெண்டுமே சரிதான். அது எப்படின்னு வீடியோவில் வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது, எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். அதனால் இந்தக் கட்டுரை. ஒரு பேப்பர், பேனா, கால்குலேட்டர் போதும். எக்செல் பின்னாடி பார்த்துக்கலாம்.

இன்னொரு விஷயம். எங்க ஊர் பேரையும் 'ஃபார்முலா'வையும் சேர்த்துச் சொன்னால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் 2009 இடைத்தேர்தல்தான் ஞாபகம் வரும். இது அந்த ஃபார்முலா இல்லை. இதில் காசு உங்க கைக்கு வராது, உங்க கையிலிருந்து போகாமல் இருக்கலாம்.

முதலில் புத்தகத்தில் இருக்கும் ஃபார்முலா

ஆர்எஸ்ஐயைக் கண்டுபிடித்தவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். படிப்பால் மெக்கானிக்கல் இன்ஜினியர். 1978-ல் 'நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிக்கல் டிரேடிங் சிஸ்டம்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். இன்னைக்கு உங்க ஆப்பில் இருக்கும் ஆர்எஸ்ஐ, ஏடிஆர், ஏடிஎக்ஸ், பாரபாலிக் எஸ்ஏஆர் எல்லாமே அந்த ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை. மனுஷன் எதையும் ஒளிச்சு வைக்கலை, கணக்குப் போடும் அட்டவணையோட அச்சடிச்சுக் கொடுத்துட்டார். 45 வருஷத்துக்கு மேலாகியும் அதே கணக்கை 'சீக்ரெட்'னு சொல்லி விற்கிறாங்க என்பதுதான் வேடிக்கை. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

ஃபார்முலா இதுதான்:

ஆர்எஸ் = சராசரி ஏற்றம் ÷ சராசரி இறக்கம்
ஆர்எஸ்ஐ = 100 − [100 ÷ (1 + ஆர்எஸ்)]

இதைச் சுருக்கினால் இன்னும் எளிதாக இருக்கும்:

ஆர்எஸ்ஐ = 100 × சராசரி ஏற்றம் ÷ (சராசரி ஏற்றம் + சராசரி இறக்கம்)

அதாவது, விலை மேலும் கீழும் மொத்தமா எவ்வளவு ஆடுச்சோ, அதில் மேல் பக்கம் ஆடினது எத்தனை சதவீதம்? அவ்வளவுதான் ஆர்எஸ்ஐ. ஆடின ஆட்டத்தில் பாதி மேல், பாதி கீழ் என்றால் 50. கீழேயே இறங்காமல் ஏறிக்கிட்டே இருந்தால் 100.

வழக்கமா 14 நாள் எடுப்பாங்க. கையால் போட வசதியா நாம 5 நாள் எடுத்துக்குவோம். உதாரணத்துக்கு ஒரு பங்கின் முடிவு விலைகள்: 200, 204, 203, 208, 206, 211. மாற்றங்கள்: +4, −1, +5, −2, +5.

ஏற்றம் மொத்தம் 14, ஐந்தால் வகுத்தால் 2.8. இறக்கம் மொத்தம் 3, ஐந்தால் வகுத்தால் 0.6. ஆர்எஸ்ஐ = 100 × 2.8 ÷ 3.4 = 82.35.

(இறங்கின நாளில் ஏற்றம் சைபர். அதையும் ஒரு நாளாகக் கணக்கில் சேர்க்கணும். ஏறின 3 நாளை மட்டும் எடுத்து மூன்றால் வகுக்கக் கூடாது. பாதிப் பேருக்கு இங்கேயே கணக்கு மாறிப்போகுது.)

இதுவரைக்கும் உங்க எக்செல்லும் ஆப்பும் ஒண்ணாத்தான் போகும். சண்டை ஆறாவது நாளில்தான் ஆரம்பிக்குது.

ஒரே விலை, மூணு ஆர்எஸ்ஐ

அடுத்த நாள் விலை 207. அதாவது −4. இப்போ ஆர்எஸ்ஐ என்ன?

நம்மில் பெரும்பாலானவங்க செய்வது இது: பழைய +4-ஐத் தூக்கிட்டு, புது −4-ஐச் சேர்த்து, மறுபடியும் 5 நாள் சராசரி. மாற்றங்கள் −1, +5, −2, +5, −4. ஏற்றம் 10 ÷ 5 = 2. இறக்கம் 7 ÷ 5 = 1.4. ஆர்எஸ்ஐ = 100 × 2 ÷ 3.4 = 58.82. இது சாதாரண சராசரி முறை. இதுக்கு 'கட்லர் ஆர்எஸ்ஐ' என்று தனிப் பெயரே உண்டு.

வைல்டர் இப்படிச் செய்யலை. அவர் முறையில் எந்தப் பழைய நாளையும் தூக்கி எறிவதில்லை. நேற்றைய சராசரியை 4 மடங்காக்கி, இன்றைய எண்ணைச் சேர்த்து, ஐந்தால் வகுக்கணும்.

ஏற்றம் = (2.8 × 4 + 0) ÷ 5 = 2.24
இறக்கம் = (0.6 × 4 + 4) ÷ 5 = 1.28
ஆர்எஸ்ஐ = 100 × 2.24 ÷ 3.52 = 63.64

58-க்கும் 63-க்கும் நடுவில் தொலைந்த விஷயம் இதுதான். ஆப்கள் பெரும்பாலும் வைல்டர் முறையைத்தான் எடுத்துக்குது.

மூணாவதா ஒண்ணு இருக்கு. சிலர் இஎம்ஏ முறையில் சராசரி எடுப்பாங்க. அதில் இன்றைய நாளுக்குக் கொடுக்கும் எடை 2 ÷ (நாட்கள் + 1). 5 நாளுக்கு 2 ÷ 6, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அப்படிப் போட்டால் ஏற்றம் 1.87, இறக்கம் 1.73, ஆர்எஸ்ஐ 51.85.

ஒரே பங்கு, ஒரே விலை, ஒரே 5 நாள். 58.82, 63.64, 51.85. "ஆர்எஸ்ஐ 60-ஐ தாண்டினா வாங்கு"ன்னு ஒருத்தர் சொன்னால், முதலில் அவரிடம் கேட்க வேண்டியது "எந்த சராசரி சார்?" என்பதுதான். பதில் வரலைன்னா புரிஞ்சுக்கோங்க.

வைல்டர் ஏன் இப்படி ஒரு முறையை வச்சார்? அவர் காலத்தில் லேப்டாப் கிடையாது. சாதாரண சராசரி எடுக்கணும்னா 14 நாள் எண்களையும் கையில் வச்சிருக்கணும். வைல்டர் முறையில் நேற்றைய ஒரு எண், இன்றைய ஒரு எண், ரெண்டே போதும். கால்குலேட்டரில் ஒரு நிமிஷ வேலை. நம்ம வங்கியில் சேமிப்புக் கணக்கு பாஸ்புக் மாதிரிதான். நேற்றைய இருப்பு தெரிஞ்சால் போதும், கணக்கு தொடங்கின நாளிலிருந்து கூட்ட வேண்டியதில்லை.

ஆனா வைல்டர் முறை போட்டும் பொருந்தலைன்னா?

அதுக்கும் காரணம் அந்தப் பாஸ்புக் குணம்தான். பழையது முழுசா மறையாது, தேய்ஞ்சுக்கிட்டே வரும். 14 நாள் ஆர்எஸ்ஐயில் ஒவ்வொரு நாளும் பழைய சராசரியின் எடை 13/14 ஆகக் குறையும். நீங்க 30 நாள் டேட்டாவை மட்டும் இறக்கி எக்செல்லில் போட்டால், முதல் 14 மாற்றங்களை வைத்து ஒரு ஆரம்பச் சராசரி வரும். கடைசி நாளில்கூட அந்த ஆரம்பச் சராசரிக்கு இன்னும் 30 சதவீதத்துக்கு மேல் எடை இருக்கும். ஆப்போ பல வருஷ டேட்டாவிலிருந்து ஆரம்பிச்சு வந்திருக்கும். எப்படிப் பொருந்தும்? ஆரம்பத்துக்கு அப்புறம் 50 நாள் ஓடினால் அந்த எடை சுமார் 2.5 சதவீதம், 100 நாள் ஓடினால் 0.1 சதவீதத்துக்கும் கீழே. அதனால் குறைந்தது ஒரு வருஷ டேட்டா, அதாவது 250 வர்த்தக நாளாவது எடுங்க. கூகுள் ஷீட்ஸில் கூகுள்ஃபைனான்ஸ் ஃபங்ஷனே இதைக் கொண்டு வந்து கொடுத்துடும்.

அதுக்கப்புறமும் சின்ன வித்தியாசம் இருந்தால் ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, முடிவு விலை. என்எஸ்இயில் 'க்ளோஸ்' என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை இல்லை. நீண்ட காலமாக அது கடைசி அரை மணி நேர வியாபாரங்களின் எடையிட்ட சராசரி. சாயங்காலம் மூணரை மணிக்கு ஆப்பில் தெரியும் கடைசி விலையைக் குறிச்சு வச்சீங்கன்னா ஒண்ணு ரெண்டு ரூபாய் தள்ளும். இன்னொண்ணு, போனஸ், ஸ்ப்ளிட். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் 1:1 போனஸ் கொடுத்துச்சு. எக்ஸ்சேஞ்சின் அன்றாட விலைக் கோப்பை அப்படியே ஒட்டினால் ஒரே நாளில் விலை பாதியா விழுந்த மாதிரி தெரியும். உங்க ஆர்எஸ்ஐயும் பாதாளத்துக்குப் போயிடும். யாருக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டம் ஆகியிருக்காது.

இப்போ திருப்பிப் போடுவோம்

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடிச்ச பகுதி இது. ஆர்எஸ்ஐ 70-ஐ நாளைக்குத் தொடணும்னா விலை எவ்வளவு வரணும்?

நம்ம உதாரணத்தில் இன்றைக்கு ஏற்றச் சராசரி 2.24, இறக்கச் சராசரி 1.28, விலை 207. நாளைக்கு விலை 'எக்ஸ்' ரூபாய் ஏறுதுன்னு வைங்க. ஏற்றம் (8.96 + எக்ஸ்) ÷ 5. இறக்கம் 5.12 ÷ 5. ஐந்து ரெண்டு பக்கமும் அடிபட்டுடும். (8.96 + எக்ஸ்) என்பது மொத்தத்தில் 70 சதவீதமா இருக்கணும், 5.12 மீதி 30 சதவீதம். அப்போ 8.96 + எக்ஸ் = 5.12 × 7 ÷ 3 = 11.95. எக்ஸ் = 2.99.

ஆக, "நாளைக்கு ஆர்எஸ்ஐ 70-ஐ தாண்டுது" என்பதும் "நாளைக்கு விலை 209.99-ஐ தாண்டுது" என்பதும் ஒரே வாக்கியம். அதே மாதிரி ஆர்எஸ்ஐ 50-க்குக் கீழே வரணும்னா விலை 203.16-க்குக் கீழே வரணும். 30-க்கு வரணும்னா 191.21.

இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துட்டா, இண்டிகேட்டர் மேல் இருக்கும் மர்மம் போயிடும். அது விலையைத் தவிர வேறெதையும் பார்க்கலை. கம்பெனியின் லாபமோ, கடனோ, ஆர்டரோ, ஃபார்முலாவில் அதுக்கெல்லாம் இடமே கிடையாது. எத்தனை பங்கு கை மாறுச்சு என்பதுகூட இல்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பூ விலையைத் தினமும் எழுதி வச்சால் அதுக்கும் ஆர்எஸ்ஐ வரும். முகூர்த்தத்துக்கு முந்தின நாலு நாளில் விலை கண்டபடி ஏறும், ஆர்எஸ்ஐ 80-ஐ தாண்டி நிக்கும். 'ஓவர்பாட்' ஆயிடுச்சேன்னு எந்தப் பூ வியாபாரியும் கொள்முதலை நிறுத்த மாட்டார். அவர் பார்ப்பது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். விலை ஏன் ஏறுச்சுன்னு அவருக்குத் தெரியும், ஏறினது எவ்வளவுன்னு மட்டும்தான் ஆர்எஸ்ஐக்குத் தெரியும். 'ஓவர்பாட்' என்று 70-க்கு மேல் பேர் வச்சதால் இனி இறங்கித்தான் ஆகணும்னு ஃபார்முலாவில் எங்கேயும் எழுதலை. நல்லா ஏறும் பங்கு வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்.

காசு கொடுத்து வாங்கின 'சீக்ரெட்' இண்டிகேட்டர்

கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் வருமான வரித் தாக்கலுக்கு வந்திருந்தார். டெலிகிராம் குரூப் ஒன்றில் 11,800 ரூபாய் கட்டி ஒரு இண்டிகேட்டர் வாங்கியிருந்தார். "10,000 ப்ளஸ் ஜிஎஸ்டி சார்" என்றார். ரசீதைக் காட்டச் சொன்னேன். ஜிஎஸ்டி காசு வாங்கியிருக்காங்க, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. தொழில் பழக்கம், எனக்குக் கண்ணு அங்கேதான் போகும்.

டிரேடிங்வியூவில் 'இன்வைட் ஒன்லி' வகை ஸ்கிரிப்ட். அதாவது கோட்டைப் பார்க்கலாம், பின்னாடி இருக்கும் கோடைப் பார்க்க முடியாது. விலைக்குக் கீழே பச்சைக் கோடு போனால் வாங்கணும், மேலே சிவப்புக் கோடு வந்தால் விற்கணும். அவர் கையில் 60,000 போட்டு வச்சிருந்தார். அடுத்ததா அம்மாவோட நகையை அடகு வச்சு இன்னும் ஒன்றரை லட்சம் கொண்டு வரலாம்னு திட்டம். "ஃபார்முலா மட்டும் தெரிஞ்சா தைரியமா போடுவேண்ணே" என்றார். சரி, கண்டுபிடிப்போம்னு உட்கார்ந்தோம்.

மூடி வச்ச இண்டிகேட்டரைத் திறக்க ஹேக்கிங் எல்லாம் வேண்டாம். முதலில் அது எங்கே ஓடுதுன்னு பாருங்க. 0 முதல் 100-க்குள் அடங்கினால் ஆர்எஸ்ஐ அல்லது ஸ்டாக்கேஸ்டிக் குடும்பம். சைபருக்கு மேலும் கீழும் எல்லை இல்லாமல் போனால் எம்ஏசிடி குடும்பம். விலையோட ஒட்டி ஓடினால் மூவிங் ஆவரேஜ் அல்லது ஏடிஆர் வகை. தம்பியோட கோடு விலையிலிருந்து தள்ளி ஓடுச்சு, படிக்கட்டு மாதிரி சில நாள் தட்டையா நின்னுச்சு. பச்சையா இருக்கும்போது ஏறும், ஒருபோதும் இறங்காது. இந்தக் குணம் இருந்தாலே சூப்பர்டிரெண்ட் என்று சந்தேகப்படணும்.

சூப்பர்டிரெண்டின் அடிப்படை ஏடிஆர். ஒரு நாளில் விலை ஆடின தூரம்தான் 'ட்ரூ ரேஞ்ச்': அன்றைய உச்சம் கழித்தல் தாழ்வு, அல்லது நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்றைய உச்சம்வரை, அல்லது நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்றைய தாழ்வுவரை. மூன்றில் பெரியது எதுவோ அது. (காலையில் இடைவெளி விட்டு ஓப்பன் ஆனால் அந்த இடைவெளியையும் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.) அதன் வைல்டர் சராசரி ஏடிஆர். பச்சைக் கோடு = (உச்சம் + தாழ்வு) ÷ 2 − பெருக்கி × ஏடிஆர்.

எத்தனை நாள், என்ன பெருக்கி, ரெண்டும் நமக்குத் தெரியாது. கோடு தட்டையா நிற்கும் நாட்களை விட்டுடுங்க, அன்றைக்குக் காட்டுவது பழைய எண். கோடு நகர்ந்த நாட்களை மட்டும் எடுங்க. நடு விலையிலிருந்து கோட்டுக்கு உள்ள தூரத்தை ஏடிஆரால் வகுங்க. உதாரணத்துக்கு உச்சம் 412, தாழ்வு 404, நடு 408, கோடு 388.50, தூரம் 19.50. 10 நாள் ஏடிஆர் 6.50 என்றால் 19.50 ÷ 6.50 = 3.

சரியான நாள் எண்ணிக்கை கிடைச்சிருச்சுன்னா இந்த விகிதம் எல்லா நாளும் ஒரே எண்ணா நிற்கும். தப்பா இருந்தால் ஆடும். 14 வச்சுப் பார்த்தோம், ஆடுச்சு. 7 வச்சோம், ஆடுச்சு. 10 வச்சோம், வரிசையா 3, 3, 3, 3.

10 நாள், 3 பெருக்கி. அதே டிரேடிங்வியூவில் சூப்பர்டிரெண்ட் என்று தேடினால் இலவசமா வரும் கோட்டின் டீஃபால்ட் அமைப்பு அதுதான். ஒரு எண்ணைக்கூட மாத்தலை. நிறத்தையும் பேரையும் மட்டும் மாத்தியிருக்காங்க. தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

உங்களிடம் ஏடிஆர் மாதிரி ஒரு எண் நேரடியா தெரிஞ்சால் இன்னும் சுலபமான வழி இருக்கு. நேற்றைய ஏடிஆர் 6, இன்றைய ட்ரூ ரேஞ்ச் 13, இன்றைய ஏடிஆர் 6.50 என்று வைங்க. (13 − 6) ÷ (6.50 − 6) = 14. வேறு நாட்களில் போட்டாலும் 14 என்றே வந்தால் அது வைல்டர் 14. எல்லா நாளும் 7.5 வந்தால் அது இஎம்ஏ 14. நாளுக்கு நாள் மாறிக்கிட்டே இருந்தால் சாதாரண சராசரி. ஒரு வகுத்தலில் உள்ளே என்ன ஓடுதுன்னு தெரிஞ்சிடும்.

சில விற்பனையாளர்கள் இதைவிட ஒரு படி மேலே. சார்ட்டில் பழைய தேதிகளைப் பார்த்தால் ஒவ்வொரு அடிமட்டத்திலும் 'பை', ஒவ்வொரு உச்சியிலும் 'செல்', கச்சிதமா இருக்கும். இதில் பாதி 'ரீபெயின்ட்' வகை. அடுத்து என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச பிறகு பழைய கேண்டிலில் போய் அம்புக்குறியை ஒட்டும். இதைப் பிடிக்க ஃபார்முலா தேவையில்லை, ஸ்கிரீன்ஷாட் போதும். ஒரு பத்து நாள் தினமும் காலை 11 மணிக்கு நேரம் தெரியும்படி ஒரு ஷாட், மூணரை மணிக்கு ஒரு ஷாட். காலையில் இருந்த சிக்னல் சாயங்காலம் இல்லைன்னாலோ, நேற்று இல்லாத சிக்னல் இன்றைக்கு நேற்றைய தேதியில் உட்கார்ந்திருந்தாலோ முடிஞ்சது.

சரி, இலவசமான சூப்பர்டிரெண்டே லாபம் கொடுத்தா?

தம்பி கேட்ட அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. கணக்கைப் போட்டுட்டே பேசுவோம்.

60,000 முதல். வருஷத்துக்கு 20 தடவை வாங்கி விற்கிறார், டெலிவரியில். ஒவ்வொரு தடவையும் எஸ்டிடி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். முழுத் தொகையையும் போட்டால் சுமார் 120 ரூபாய். ஸ்டாம்ப் டியூட்டி வாங்கும்போது 0.015 சதவீதம், 9 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், டிபி கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 150 ரூபாய் என்று வைங்க. புரோக்கரைப் பொறுத்துக் கூடும் குறையும். 20 சுற்றுக்கு 3,000. முதலில் 5 சதவீதம் அங்கேயே போச்சு.

இப்போ பெருந்தன்மையா, செலவுக்கு முன்னாடி 20 சதவீதம் லாபம் வந்துச்சுன்னு வைப்போம். 12,000. குறுகிய கால மூலதன ஆதாயத்துக்கு வரி 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. இதில் எஸ்டிடியை லாபத்திலிருந்து கழிக்க முடியாது, மீதிச் செலவு 600-ஐக் கழிக்கலாம். 11,400-க்கு வரி சுமார் 2,371. கையில் நிற்பது 12,000 − 3,000 − 2,371 = 6,629 ரூபாய். இண்டிகேட்டருக்குக் கொடுத்த 11,800-ஐ இதில் கழிங்க. மார்க்கெட் 20 சதவீதம் கொடுத்தும் முதல் வருஷம் தம்பிக்கு 5,171 ரூபாய் நஷ்டம். நகைக்கடன் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இந்த இடத்தில் நிறையப் பேருக்கு ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. "எனக்குச் சம்பளம் 12 லட்சத்துக்குள்ளதான், புது வரி முறையில் வரியே இல்லையே?" சம்பளத்துக்கு இல்லை. 12 லட்சம் வரை கிடைக்கும் அந்தத் தள்ளுபடி, பங்கு விற்ற குறுகிய கால ஆதாயத்துக்குப் பொருந்தாது. சம்பளத்துக்கு சைபர் வரி, டிரேடிங் லாபத்துக்கு 20 சதவீதம் என்று வரி கட்டச் சொல்லி வந்து நிற்கும்.

நஷ்டம் என்றால்? இன்ட்ராடே நஷ்டத்தை வருமான வரியில் ஸ்பெகுலேடிவ் நஷ்டமாகத்தான் பார்ப்பாங்க, இன்ட்ராடே லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம், நாலு வருஷம் தூக்கிட்டுப் போகலாம். எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை எட்டு வருஷம். ரெண்டையும் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடு தேதிக்குள் ஐடிஆர்-3 போட்டால்தான் இந்த உரிமையும் உண்டு. "நஷ்டம்தானே, எதுக்குக் காட்டணும்"னு ஐடிஆர்-1 போட்டுட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு லாபம் வரும்போது பழைய நஷ்டத்தைத் தேடி வர்றவங்க ஒவ்வொரு ஜூலையிலும் வர்றாங்க.

செபி 2024 ஜூலையில் இன்ட்ராடே பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-க்கு 7 பேருக்கு நஷ்டம். 30 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களில் 76 சதவீதம் பேருக்கு. வருஷத்துக்கு 500-க்கு மேல் டிரேட் போட்டவங்களில் 80 சதவீதம் பேருக்கு. அதே வருஷம் செப்டம்பரில் எஃப் அண்ட் ஓ ஆய்வு வந்துச்சு, அதில் மூணு வருஷத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இவங்க எல்லாரிடமும் ஆர்எஸ்ஐயும் சூப்பர்டிரெண்டும் இருந்துச்சு. ஆப்பில் இலவசமாவே வருது.

இண்டிகேட்டரே வேண்டாம்னு நான் சொல்லலை. நானே ஏடிஆர் பார்ப்பேன், ஒரு பங்கு சாதாரணமா ஒரு நாளைக்கு எவ்வளவு ஆடும்னு தெரிஞ்சுக்க. அதுக்கு அது நல்ல அளவுகோல். நாளைக்கு எந்தப் பக்கம் போகும்னு அதனிடம் கேட்டால் அதுக்குப் பதில் தெரியாது.

யாராவது 'பை', 'செல்' சொல்லிக் காசு கேட்டால் செபி பதிவு எண் கேளுங்க. ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐஎன்ஹெச் என்றும், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்றும் ஆரம்பிக்கும். செபி வெப்சைட்டில் அந்தப் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். "நாங்க எஜுகேஷன் மட்டும்தான் கொடுக்கிறோம், பதிவு தேவையில்லை"ன்னு பதில் வந்தால், 2025 ஜனவரி 29-ம் தேதி செபி சுற்றறிக்கையை ஞாபகம் வச்சுக்கோங்க. பாடம் மட்டும் நடத்துறவங்க கடந்த மூணு மாச விலையைக் காட்டிப் பங்கின் பேரோட பேசக் கூடாதுன்னு அதில் சொல்லியிருந்தாங்க. இன்றைய சார்ட்டைத் திறந்து வச்சு நடத்துறது பாடம் இல்லை.

தம்பி நகைக்கடனை இப்போதைக்குத் தள்ளி வச்சிருக்கார். கட்டின 11,800-ஐத் திருப்பிக் கேட்டு மெசேஜ் போட்டார், குரூப்பிலிருந்து நீக்கிட்டாங்க. பணம் அனுப்பின யுபிஐ விவரம், சாட், ரசீது எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வச்சு, செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் தேசிய சைபர் கிரைம் உதவி எண் 1930-லும் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கேன். ஸ்கோர்ஸ் பதிவு பெற்றவங்க மேல் புகார் கொடுக்கத்தான் வசதி, பதிவில்லாத ஆட்களுக்கு 1930-தான் முதலில்.

ஷீட்டை நீங்களே தயார் பண்ணுங்க. தேதி, முடிவு விலை, மாற்றம், ஏற்றம், இறக்கம், ஏற்றச் சராசரி, இறக்கச் சராசரி, ஆர்எஸ்ஐ, எட்டே காலம். ஏற்றத்துக்கு மேக்ஸ் ஃபங்ஷனில் சைபரையும் மாற்றத்தையும் கொடுங்க, இறக்கத்துக்கு சைபரையும் மைனஸ் போட்ட மாற்றத்தையும். பதினைந்தாவது விலையில் முதல் சராசரி, பதினாறாவதிலிருந்து 13-ஆல் பெருக்கி இன்றையதைக் கூட்டி 14-ஆல் வகுக்கணும். 250 நாள் கீழே இழுத்து விட்டு ஆப்போட ஒப்பிடுங்க. ரெண்டாவது தசமம் வரை பொருந்தணும். பொருந்தலைன்னா எந்தத் தேதியிலிருந்து விலகுதுன்னு பாருங்க, பெரும்பாலும் அன்றைக்கு ஒரு போனஸ் இருக்கும். அடுத்த வீடியோவில் இதே ஷீட்டில் ஏடிஎக்ஸ் போடப் போறோம், அது கொஞ்சம் நீளம். இதை முடிச்சு வச்சுட்டு வாங்க.